மேயர் வீட்டுச் சம்பந்தம்

எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி மேயர் வீடு எது என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். காய்ந்த பருத்திமார் அடுக்கிய படப்புக்கு அடுத்த ஓட்டு வீடு, வாசலில் ஆட்டுப் புழுக்கை கிடக்கும், பார்த்து மிதிங்க என்று சொல்லி அனுப்புவார்கள். எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒதுங்கிய கரிசல் ஊர் அது. தபால்காரர்கூட வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். ஆனாலும் எங்களுக்கு ஒரு மேயர் இருந்தார். அவர் என் அப்பா.

பட்டம் வந்த கதை சின்னக் கதைதான். தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. சென்னைக்கு மேயரை இந்தத் தடவை ஜனங்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று டீக்கடை டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெஞ்சில் இருந்த ஒருவர், மேயர் என்றால் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். ஊரை மேய்க்கிறவர்தான் மேயர், வேறென்ன என்று டீக்கடைக்காரர் சொல்லி வாய் மூடவில்லை, அப்பா ஆடுகளைப் பத்திக்கொண்டு கடையைத் தாண்டிப் போயிருக்கிறார். பிறகு கேட்கவா வேண்டும். "அந்தா போறாரு பாரு நம்ம மேயரு" என்று யாரோ சொல்ல, அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. ஒரு மாதத்தில் அப்பாவின் சொந்தப் பெயரையே ஊர் மறந்துவிட்டது.

மறந்ததில் ஆச்சரியமில்லை. அப்பாவுக்கு வைத்திருந்தது குலசாமி பெயர். எங்கள் பக்கம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நெட்டையன், வடக்குவீட்டான் என்று ஏதாவது ஒன்றை ஒட்டித்தான் ஆளைப் பிரித்துச் சொல்வது. அப்பாவுக்கு அதுவரைக்கும் அப்படி ஒன்று அமையவில்லை. கேலியாக வந்த பேர் சட்டை மாதிரி அளவாகப் பொருந்திவிட்டது. நான் அப்போது புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் காலர் தைக்கப் போய்க்கொண்டிருந்தேன். அளவு பொருந்துவது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. எந்த ஊர் மேயர் பெண்டாட்டி இடுப்பில் குடத்தோடு அடிபம்பில் வரிசை நிற்கிறாள் என்று கேட்பாள். அப்பா சிரிப்பார். அவருக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. மேயர் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் தழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டு, "என்னய்யா, என்ன குறை?" என்று விசாரிப்பார். ரேடியோவில் மேயர் என்ற சொல் வந்தால் சத்தத்தைக் கூட்டச் சொல்வார். சென்னையில் மேயர் சாக்கடை அடைப்பைப் பார்வையிட்டார், கொசு மருந்து அடிக்க உத்தரவிட்டார் என்று செய்தி வரும். அவருக்குக் கொசு, நமக்கு உண்ணி, வேலை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு ஆட்டின் காதைப் புரட்டிப் பார்க்கப் போய்விடுவார்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை கழுகுமலைக்காரர். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மூலமாகச் சென்னை மாநகராட்சியில் டவாலி வேலை கிடைத்துப் போனவர். வெள்ளை உடுப்பும் மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையும் தலைப்பாகையுமாக, மன்றம் கூடும் நாளில் மேயருக்கு முன்னால் நடந்துபோய், அவர் வருகிறார் என்று குரல் கொடுக்கிற வேலை. அப்பா இல்லாத பிள்ளை என்பதால் அவருடைய பெரியப்பாதான் எல்லாம் பேசினார். பெரியப்பாவுக்குக் கழுகுமலையில் பலசரக்குக் கடை. அவர்களும் ஒரு தலைமுறைக்கு முன்னால் ஆடு வைத்திருந்தவர்கள்தான். ஆனால் அதை அவரிடம் ஞாபகப்படுத்தினால் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

தரகர் ஒரு காரியம் செய்தார். பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. பெண்ணோட அப்பா யார் என்று பெரியப்பா கேட்டதற்கு, "அவிய ஊர்ல மேயர். யார வேணா கேட்டுப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் பழக்கத்தில் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாப்பிள்ளை மட்டும் சந்தேகப்பட்டாராம். கோவில்பட்டியே நகராட்சிதான், அங்கேயே சேர்மன்தானே உண்டு, அதற்கு வெளியே ஒரு கிராமத்தில் எப்படி மேயர் இருப்பார் என்று கேட்டாராம். சர்க்கார் புதிதாக என்னென்னவோ கொண்டுவருகிறது, உனக்கு எல்லாம் தெரியுமா என்று பெரியப்பா அவர் வாயை அடைத்துவிட்டார். அதோடு நில்லாமல், மேயரைப் பார்க்கப் போகும்போது கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்று ஜரிகை போட்ட சால்வை ஒன்றும் வாங்கினார்.

அவர்கள் பெண் பார்க்க வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் பெரியப்பா மேயர் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே திசையில் கையை நீட்ட, அவருக்குப் பரம திருப்தி. வெள்ளை வேட்டி சலசலக்க வந்து எங்கள் வாசலில் நின்றார். உள்ளே கொட்டிலில் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. அம்மா பாய் விரித்தாள். மேயர் இல்லையா என்று அவர் கேட்டார். "இந்தா வந்துருவாவ, கிடையில நிக்காவ" என்றாள் அம்மா. ஆடு அடைக்கிற கிடை அவருக்குத் தெரியாததில்லை; ஆனாலும் மேயருக்கு அந்தப் பேரில் ஒரு ஆபீஸ் இருக்கும்போல என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்பா வந்தார். தலையில் துண்டு, தோளில் தொரட்டி, முழங்கால் வரைக்கும் கரிசல் மண். பின்னால் காலொடிந்த ஒரு குட்டி. வாங்க சம்மந்தி என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தவர், கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைத் தொட்டிக்குப் போனார். பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. அவர் மடியில் இருந்த பிளாஸ்டிக் பைக்குள் சால்வையின் ஜரிகை தெரிந்தது. மெல்ல அதை வேட்டிக்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஓரம் அடிக்காத மட்டச் சால்வை என்று வேறு என் கண் பார்த்து வைத்தது.

மாப்பிள்ளைதான் சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். கேலியாக இல்லை, ஒரு விடுகதை அவிழ்ந்தவர் சிரிக்கிற சிரிப்பு. அப்பா கை கழுவி வந்ததும், மாப்பிள்ளையிடம் அவர் பார்க்கும் வேலையைக் கேட்டார். தரகர் எங்களிடம் சென்னையில் சர்க்கார் வேலை என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். தலைநகரத்து மேயருக்கு முன்னால் நடக்கிற ஆள் என்று தெரிந்ததும் அப்பாவால் பாயில் இருக்க முடியவில்லை. கிடை தனியாகக் கிடக்கிறது, வாங்க பேசிக்கொண்டே போவோம் என்று மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பருத்தி எடுத்த புஞ்சைக்குப் போய்விட்டார். அங்கேதான் அப்போது உரத்துக்காக ஆடுகளை அடைத்திருந்தோம். அவர்களுக்கும் எனக்கும் நடுவே பருத்திமார் படப்பு ஒன்றுதான். சுள்ளி எடுக்கப் போனவள் மாதிரி நான் அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பெண்ணைப் பற்றி மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை, அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. முழுக்க மேயர் பேச்சுத்தான். வெள்ளைக்காரக் கம்பெனி கடலோரத்தில் கோட்டை கட்டியிருந்த காலத்திலேயே சென்னைக்கு மேயர் வந்துவிட்டார் என்றார் மாப்பிள்ளை. லண்டனில் இருக்கிற மாதிரி இங்கேயும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்களாம். அந்த மேயர் கோர்ட்டு வைத்து வழக்குக்கூடத் தீர்ப்பாராம். பிறகு அந்தப் பட்டம் போய், ரொம்பக் காலம் வெறும் தலைவர் என்றுதான் இருந்ததாம். சுதந்திரத்துக்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்னால்தான் மேயர் என்ற பேர் திரும்பி வந்ததாம். அப்போதெல்லாம் கவுன்சிலர்கள் கூடிப் பேசி, வருடத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்களாம்.

"அது முறை மேய்ச்சல்லா" என்றார் அப்பா.

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. நாலு ஆடு ஐந்து ஆடு வைத்திருக்கிற வீட்டார் எல்லா ஆட்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு என்று மேய்க்கப் போவது எங்கள் ஊரில் உண்டு. அப்பா அதை விளக்கிவிட்டு, அதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தலைக்கனம் வராது. ஒரு கெடுதல், ஆட்டுக்கு ஆளே பழகாது என்றார். எழுபதுகளில் அந்த மன்றத்தையே கலைத்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் அதிகாரிகளை வைத்து நடத்தினார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். கூலிக்கு மேய்க்கிறவன் மோசம் என்று சொல்ல முடியாது, நேரத்துக்கு மேய்ச்சலுக்குப் பத்துவான், நேரத்துக்கு அடைப்பான் என்று மட்டும் அப்பா சொன்னார்.

மேயரின் உடுப்பைப் பற்றியும் கேட்டார். சிவப்பு அங்கி, கழுத்தில் பொன் சங்கிலி, விசேஷக் கூட்டத்துக்குத்தான் போடுவார், மற்ற நாளில் வேட்டி சட்டைதான் என்றார் மாப்பிள்ளை. அங்கிக்கு எத்தனை மீட்டர் துணி ஆகும் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். கடைசியில் அப்பா, அவர் உள்ளே வரும்போது நீங்கள் என்ன சொல்லிக் குரல் கொடுப்பீர்கள் என்று கேட்டார். அவர் கூச்சப்பட்டார். பிறகு எழுந்து நேராக நின்று, "வணக்கத்துக்குரிய மேயர் அவர்கள் வருகிறார்கள்" என்று சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் படுத்திருந்த ஆடுகள் சடசடவென்று எழுந்துவிட்டன.

மன்றத்திலும் இப்படித்தான், எல்லோரும் எழுந்துவிடுவார்கள், மேயர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம் என்றார் மாப்பிள்ளை. "இங்கயும் அப்படித்தான்" என்று அப்பா தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஆடுகள் ஒவ்வொன்றாக முன்னங்காலை மடக்கிப் படுத்தன. அதைப் பார்த்து மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலை இருக்கிறதே, அந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வீட்டுக்குள் வந்து காப்பி கொடுத்தபோது முகத்தைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளை பிடிவாதமாக நின்றதால் முடிவானது என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அவர் லீவு முடிந்து சென்னைக்குப் போன பிறகு பெரியப்பா தனியாக வந்தார். சாப்பாடு, மண்டபம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு. அந்த மேயர்ங்கிற பேரு கல்யாணத்துல யார் வாயிலயும் வரப்படாது. எங்க பையன் நெசமான மேயர் முன்னால நடக்கிறவன். அவன் மாமனாரு ஆட்டு மேயர்னு நாலு பேரு சிரிச்சா நல்லாவா இருக்கும்? அந்தப் பேரு கேட்டுச்சுன்னா நாங்க எந்திரிச்சுப் போயிருவோம்."

அப்பா சரிங்க சம்மந்தி என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் தெருவைத் தாண்டட்டும் என்றுதான் பொறுத்திருந்தேன். அந்தக் கல்யாணமே வேண்டாம், நான் காலர் தைத்தே காலத்தை ஓட்டிக்கொள்கிறேன் என்று கத்தினேன். "ஏட்டி, பேருதான போகுது, ஆடா போகுது" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ரேடியோவில் செய்தி ஓடியபோது சத்தத்தைக் கூட்டச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பிள்ளை கல்யாணம் முடிகிற வரைக்கும் அந்தப் பேர் வேண்டாம் என்று. ஊர் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதுதான் கொடுமையாகப் போனது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. "ஏ மே..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். சிலர் கையைத் தட்டினார்கள். சிலர் கூப்பிடாமலே விட்டுவிட்டார்கள். டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது என்று அப்பா அங்கே போவதையும் குறைத்துக்கொண்டார். என் அப்பா அப்படி ஒரு ஓரமாக நடந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. எல்லாம் எனக்காகத்தான். மாப்பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. அந்தக் காலத்தில் நிச்சயமான பெண் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் ஊர் வாயில் அதுவே செய்தியாகிவிடும்.

கல்யாணம் கோவில்பட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெரியப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. மாப்பிள்ளை ஆபீசில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்திருந்தார், மேயருக்கும் மேஜையில் ஒன்று வைத்திருந்தார். யாருக்குத் தெரியும், தூத்துக்குடிப் பக்கம் ஏதாவது நிகழ்ச்சிக்கு வருகிறவர் எட்டிப் பார்க்கலாம் என்று பெரியப்பா கணக்குப் போட்டிருந்தார். அதற்காகவே பழைய சால்வையை மறுபடியும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் என் மாமியார் பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை.

நான் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்கிற நேரம் வந்தது. அம்மா செம்போடு வந்து நின்றுவிட்டாள். அப்பாவைக் காணோம். மைக்கில் பெண்ணோட தகப்பனார் வரவும் என்று கூப்பிட்டு, பத்திரிகையைப் பார்த்து அப்பாவின் பெயரையும் படித்தார்கள். மண்டபத்தில் நாலைந்து பேர் எழுந்தார்கள். ஒருவரும் என் அப்பா இல்லை. மறுபடியும் படித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகூர்த்தம் போகிறது, சீக்கிரம் கூப்பிடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு கிளம்பியது.

அப்பா எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். மணையில் இருந்து பார்த்தால்தான் வாசல் தெரிந்தது, கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பின்பக்கம். லாரியில் வந்து இறங்கிய எங்கள் ஊர்க்காரர்களிடம், இன்றைக்கு மட்டும் அந்தப் பேரைச் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு முதுகு இந்தப் பக்கம். மைக்கில் வருவது தன் பெயர் என்றே அவருக்கு உறைக்கவில்லை.

"மாமா ஏன் திரும்ப மாட்டேங்காரு?" என்று மாப்பிள்ளை என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அந்தப் பேரச் சொல்லி அவியள யாரும் கூப்பிட்டதில்ல."

"அப்ப மேயர்னு கூப்பிட வேண்டியதுதான?"

"கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிருவோம்னு ஒங்க பெரியப்பா சொல்லிட்டாவ."

அவர் முன் வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை நீட்டி மைக்கை வாங்கினார். மாலையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, அன்றைக்குப் புஞ்சையில் மெதுவாகச் சொன்னதை இப்போது மன்றத்துக் குரலில் சொன்னார்.

"வணக்கத்துக்குரிய மேயர் அவர்கள் வருகிறார்கள்."

மேளக்காரர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். முதலில் எழுந்தது யார் தெரியுமா, பெரியப்பா. சென்னை மேயர்தான் வந்துவிட்டார் என்று நினைத்துப் பையிலிருந்து சால்வையை உருவி, இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார். அவர் எழுந்ததைப் பார்த்து அவர்கள் பக்கம் முழுக்க எழுந்தது. எங்கள் ஊர் சொல்லவே வேண்டாம், பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்து விட்ட சந்தோஷத்தில் எழுந்து நின்றது. அத்தனை பேருக்கும் நடுவில், பேரைக் கேட்டுத் திரும்பிய என் அப்பா வந்துகொண்டிருந்தார். பெரியப்பா விரித்த சால்வையோடு அவருக்கு நேர் எதிரே நின்றார். ஊரே பார்க்கிறது. விரித்த சால்வையை மடித்து உள்ளே வைக்க முடியுமா? போர்த்தினார். யாரும் எழுந்து போகவில்லை.

அப்பா சால்வையோடு மணைக்கு வந்தார். அம்மா பக்கத்தில் உட்காரப் போனவர், மண்டபம் முழுக்க இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துத் தயங்கினார். என்ன செய்யட்டும் என்பதுபோல மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"உக்காருங்க மாமா. நீங்க உக்காந்தாத்தான் அவிய உக்காருவாவ."

அப்பா உட்கார்ந்தார். முன் வரிசையில் பெரியப்பா உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். அம்மா தண்ணீர் ஊற்றினாள்.